யன்னலுக்கு வெளியே கேட்ட ‘ஒண்டுமில்லை’

பிள்ளைகளே, நிலானி, கஜன்,

போன கிழமை கஜன் கொழும்பிலிருந்து கதைத்தபோது, சோதனைக்கு வந்த யாரோ ஒருவருடைய மாதிரியைப் பற்றி, “அதில ஒண்டுமில்லை அப்பா, நெகட்டிவ்” என்று சொன்னான். நல்ல செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னான். நான் “ஓம் ஓம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. “என்னப்பா, அவனுக்கு ஏதும் சுகமில்லையோ?” என்று அம்மா பயந்துபோய்க் கேட்டாள். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் அந்தச் சொல் பழைய கதை ஒன்றைக் கிளப்பிவிட்டது.

நிலானியும் இப்போது ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் இனி எனக்குப் பிள்ளைகள் மட்டும் இல்லை, தொழில்காரரும்தான். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வுபெற்றவன். மெழுகு உருக்குவதையும் இழையத்தை அதில் வைத்துக் கட்டி வார்ப்பதையும் நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. அதையெல்லாம் என்னைவிட வடிவாகப் படித்துத்தான் வந்திருக்கிறீர்கள். நான் எழுத நினைத்தது புவனேஸ்வரி என்ற ஒரு பெண்ணைப் பற்றி.

ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன்பு அது நடந்தது. புவனேஸ்வரி அச்சுவேலிப் பக்கம். கணவர் தம்பிராசா வெங்காயத் தோட்டம் செய்கிறவர். மாதவிடாய் நின்று சில வருடங்களுக்குப் பிறகு அவவுக்குத் திரும்பவும் இரத்தம் போகத் தொடங்கியது. கிளினிக் வைத்தியர் கருப்பையிலிருந்து சிறு துண்டு எடுத்து, துண்டு பழுதாகாமல் காக்கிற போமலின் மருந்து விட்ட போத்தலில் போட்டு, “இதைக் கொண்டுபோய் லாப்பிலை குடுங்கோ” என்று கணவரின் கையில் கொடுத்துவிட்டார். வெளியிலிருந்து வருகிற மாதிரிகள் எங்களிடம் அப்படித்தான் வரும். சொந்தக்காரரின் சாப்பிங் பையில், பூசணிக்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில்கூட வந்திருக்கின்றன.

துண்டை மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சிலைட்டில் வைத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று எங்கள் வைத்திய நிபுணருக்குத் தெரிந்துவிட்டது. அவவை நாங்கள் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் துண்டில் இருந்த இழையம் நன்றாக இல்லை, கலங்கல் கலங்கலாகத் தெரிந்தது. மெதுவாக வளர்கிற வகையா, கடும் வகையா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதற்காக பி53 என்ற மரபணு வேலை செய்கிறதா என்று நிறமூட்டிப் பார்க்கச் சொன்னா.

பி53 பற்றி உங்களுக்கு நான் சொல்வது சிரிப்பாக இருக்கும். ஆனாலும் எனக்கு அது விளங்கிய விதத்தைச் சொல்கிறேன். வெங்காயத் தோட்டத்தில் தண்ணி மாறுகிறதைக் கண்டிருக்கிறீர்கள்தானே. கிணற்றடியில் மிஷின் இறைக்கும். பாத்தியடியில் மண்வெட்டியோடு ஒருவர் நிற்பார். பாத்தி நிறைந்ததும் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்திக்குத் திருப்பிவிடுவார். உடம்பில் செல் என்கிற கலம் பெருகுவதை “போதும், நிப்பாட்டு” என்று அடைக்கிற ஆள்தான் அந்த மரபணு. அந்த ஆள் வேலை செய்யாவிட்டால் தண்ணி வரம்பை உடைத்துக்கொண்டு போகும். வேலை செய்யாமல் போவது இரண்டு விதம். ஆள் நிற்பார், ஆனால் மண்வெட்டியை ஊன்றியபடி நித்திரை. அப்படி நித்திரை கொள்கிறவர்கள் கலத்துக்குள் சேர்ந்துபோவார்கள், புற்றுக் கலங்கள் முழுக்கக் கடும் மண்ணிறமாக வரும். மற்றது, ஆளே இல்லை. அப்போது புற்றுக் கலங்களில் நிறமே வராது, வெறுமையாக இருக்கும். ஒழுங்கான கலங்களில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய மண்ணிறம் இருக்கும். சோதனையில் நிறம் பிடித்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மற்றச் சோதனைகளில் வெறுமை என்றால் அநேகமாக நல்லது. இதில் வெறுமை மிகவும் கெட்டதாக இருக்கலாம். அல்லது நிறம் பிடிக்காமல் போன வெறும் சிலைட்டாகவும் இருக்கலாம்.

நிறமூட்டிய அன்றைக்கு நான் ஆய்வுகூட யன்னலில் மாதிரிகள் வாங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் தம்பிராசாவும் நின்றார். முடிவு கேட்க வந்தவர். எனக்குப் பின்னால், தன்னுடைய அறைக்குள் இருந்து மிஸ் குரல் கொடுத்தா: “ஜெயந்தி, புவனேஸ்வரியின்ரை பி53 என்ன மாதிரி?”

ஜெயந்தி எங்களோடு நிறமூட்டுகிற பிள்ளை. கெட்டிக்காரி, குரலும் பெரிது. மறுபக்க மேசையிலிருந்தே, “ஒண்டுமில்லை மிஸ்!” என்றாள்.

நாங்கள் தினமும் கதைக்கிற கதை அது. நிறம் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த அறையில் யாரும் அதை வேறு விதமாக விளங்கிக்கொள்ளமாட்டார்கள். நான் கையில் இருந்த போத்தலுக்கு இலக்கம் ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். தம்பிராசாவின் முகத்தை ஒரு கணம்தான் கண்டேன். வெற்றிலை போட்ட வாய் முழுக்கச் சிரிப்பு. இரண்டு கையையும் என்னை நோக்கிக் கூப்பினார். பிறகு அவர் நின்ற இடத்தில் வேறொரு ஆள் நின்றார்.

ஏன் கும்பிட்டார் என்று எனக்கு அந்த நேரம் பிடிபடவில்லை.

மிஸ் அந்தச் சிலைட்டை வாங்கிப் பார்த்தா. புற்றுக் கலங்களில் நிறம் இல்லை. பக்கத்தில் இருந்த ஒழுங்கான கலங்களிலும் இல்லை. “உள்ளுக்கே சாட்சி இல்லை. இதை வைச்சு ஒண்டும் எழுதேலாது, திரும்பத் துண்டு எடுத்து அனுப்பச் சொல்லுவம்” என்று கிளினிக்குக்கு எழுதி அனுப்பினா. அந்த முடிவு சரி. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் கிளினிக்குக்கு வரவில்லை. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியது, தேர் ஓடியது, தீர்த்தமும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் கிளினிக் தாதி எங்களுக்குப் போன் எடுத்தா. “புவனேஸ்வரி எண்டு ஒரு அம்மா, திகதிக்கும் வரேல்லை, தந்த நம்பரும் வேலை செய்யேல்லை. உங்களிட்டையாவது வந்தவவோ?”

அப்போதுதான் அந்தக் கும்பிட்ட கைகள் எனக்கு விளங்கின.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். ஜெயந்தி கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகம் கறுத்துப்போனது. “நான் அவையின்ரை வீட்டை போறன் மிஸ். என்ரை வாய்தானே” என்றாள்.

“உன்ரை வாய் இல்லை. எங்கள் எல்லாற்றை வாயும்தான்” என்றா மிஸ். பிறகு என்னைப் பார்த்தா. “உங்கடை வீட்டுப் பாதைதானே. லாப் ஆள் வீட்டுக்குப் போறது முறையில்லை, எண்டாலும் போங்கோ. வருத்தத்தின்ரை பேரைச் சொல்லாதேங்கோ. அதைச் சொல்லுறது கிளினிக் டொக்டரின்ரை வேலை. வரப் பண்ணுங்கோ, அது போதும்.”

வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் போனேன். தம்பிராசா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து, காலில் செம்மண்ணோடு கிணற்றடியில் நின்றார்.

“ஆர், லாப் யன்னலுக்கை இருக்கிற தம்பியே? வாங்கோ வாங்கோ! புவனம், இஞ்சை வந்து பார், எங்களுக்கு நல்ல சேதி தந்த ஆள் வீடு தேடி வந்திருக்கிறார்!”

புவனேஸ்வரி அக்கா வந்தா. நெற்றியில் தோல் உரிந்த அடையாளம் இருந்தது. நல்லூரில் அடியழித்த அடையாளம். ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டு வீதியைச் சுற்றுகிற நேர்த்தி. அவ அதை நன்றிக்காகச் செய்திருக்கிறா. 

“அண்ணை, ஏன் கிளினிக்குக்கு வரேல்லை?” என்று கேட்டேன்.

“என்னத்துக்கு? ஒண்டுமில்லை எண்டு உங்கடை ஆக்களே சொல்லிச்சினம். இல்லாத வருத்தத்துக்கு ஏன் லைனிலை நிப்பான்?”

அக்கா சிரித்தா. “உவர் அண்டைக்கு ஓடி வந்த ஓட்டத்தைப் பாத்திருக்கோணும் தம்பி. சைக்கிளைப் படலையடியிலை விழுத்திப்போட்டு ஓடி வந்தவர். கலியாணத்தண்டும் உப்பிடி ஓடேல்லை.”

“கலியாணத்தண்டு ஓடியிருந்தால் மற்றப் பக்கமாத்தான் ஓடியிருப்பன்” என்றார் தம்பிராசா.

அவவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்த வீட்டுச் சிரிப்பை நிறுத்தத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். பிள்ளைகளே, எங்கள் தொழிலில் நாங்கள் கண்ணாடிச் சிலைட்டில்தான் ஆட்களைப் பார்ப்போம். முகத்துக்கு நேரே நிற்பது பழக்கமில்லை. அக்கா தந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அக்கா, அண்டைக்கு உள்ளுக்கை சொன்னது உங்களுக்குச் சொன்னதில்லை. நாங்கள் எங்களுக்குள்ளை கதைச்சது. சிலைட்டிலை நிறம் ஒண்டும் பிடிக்கேல்லை எண்டதைத்தான் அந்தப் பிள்ளை அப்பிடிச் சொன்னது.”

தம்பிராசாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, போக இடம் தெரியாமல். அக்காதான் கேட்டா. நேரே பார்த்துக் கேட்டா.

“அப்ப எனக்கு வருத்தம் இருக்கோ, இல்லையோ?”

பேரைச் சொல்லக் கூடாது என்று மிஸ் சொன்னது காதில் நின்றது. தெரியாது என்று சொன்னால் அது பொய். அப்படிச் சொன்னால் அவர்கள் இன்னும் ஒரு மாதம் ஆறுதலாக இருப்பார்கள். அவவின் முகத்தை நேரே பார்த்தேன்.

“ஒண்டுமில்லை எண்டு நாங்கள் சொன்னது நிறத்தைப் பற்றி, அக்கா. உங்களைப் பற்றி அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை. நாளைக்கே வாங்கோ. வராமல் இருக்கிற விசயம் எண்டால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டன்.”

அவவுக்கு விளங்கிவிட்டது. தலையை மெல்ல ஆட்டினா.

“இன்னும் இரத்தம் போகுதோ அக்கா?”

அவ கணவரைப் பார்த்தா. “எப்பன் எப்பன், துளித்துளியாப் போகுது.”

“என்னடியப்பா சொல்லுறாய்? நிண்டிட்டுது எண்டெல்லோ சொன்னனி!”

“நீங்கள் அவ்வளவு சந்தோசமாத் திரிஞ்சியள். ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்.”

தம்பிராசா கிணற்றுக் கட்டின் மேல் குந்திவிட்டார். அவருக்குக் கதை கொடுக்க வேண்டும் போல இருந்தது. அதோடு எனக்கும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. 

“அண்ணை, அந்தப் போத்தல் உங்களிட்டை தந்த மாதிரியே எங்களிட்டை வந்ததோ? கோவிக்காதேங்கோ, ஒருத்தரையும் பிழை சொல்ல இல்லை.”

காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டினார். “அண்டைக்கு ஆடி அமாவாசை தம்பி. செத்துப்போன ஐயாவுக்குப் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போக வேண்டியிருந்தது. போத்தலையும் பையிலை வைச்சுக்கொண்டு போனனான். போற வழியிலை மூடி கழண்டு பாதி ஊத்துப்பட்டுப் போச்சு. துண்டு காய்ஞ்சு போடுமெண்டு, கேணித் தண்ணி விட்டு நிரப்பினனான்.” பிறகு அவசரமாகச் சொன்னார்: “கண்ட தண்ணி இல்லை. கீரிமலைத் தீர்த்தத் தண்ணி.”

போமலினும் தண்ணியும் பார்வைக்கு ஒன்றுதான். மிச்சம் இருந்த மணமே எங்களை ஏமாற்றப் போதும். தண்ணி கலந்ததால் துண்டு பழுதாகி, நிறம் பிடிக்காமல் போயிருக்கிறது. ஆனால் அவருடைய கணக்கில், எங்கள் மணக்கிற மருந்தைவிட எவ்வளவோ மேலான ஒன்றைத்தான் மனைவியின் துண்டுக்கு விட்டிருக்கிறார். அவர் மனத்தை நோகப்பண்ண எனக்கு மனம் வரவில்லை. தண்ணி மாறுகிற கதையாகவே அவருக்கும் சொன்னேன். பாத்தியடியில் ஆள் நிற்கிறாரா, நித்திரையா, ஆளே இல்லையா என்று பார்க்கிற சோதனை இது என்றேன்.

“அப்ப என்ரை தண்ணியாலை ஆள் நிக்கிறதோ இல்லையோ எண்டு தெரியேல்லை?”

“ஓம் அண்ணை. இருட்டிலை பாத்த மாதிரி.”

“ஆளே இல்லையெண்டால்?”

“அதைத்தான் பாக்கோணும்.”

அவர் தோட்டக்காரர். ஆள் இல்லாத பாத்தி என்னவாகும் என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாளே வந்தார்கள். இரண்டாம் துண்டு எடுத்தபோது நானே கிளினிக் வாசலில் நின்று போத்தலை வாங்கினேன். ஜெயந்தி அதை ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது போல நிறமூட்டினாள். சிலைட் காய்ந்ததும் மிஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, “முதலிலை சாட்சியைப் பாருங்கோ” என்றா. பார்த்தோம். ஒழுங்கான கலங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய மண்ணிறம். நிறம் வடிவாகப் பிடித்திருந்தது. பிறகு மிஸ் சிலைட்டை மெதுவாக நகர்த்தினா. புற்றுக் கலங்கள் வந்தன. கூட்டம் கூட்டமாக வந்தன. ஒன்றில்கூட நிறம் இல்லை. சுற்றிவர மண்ணிறப் புள்ளிகள், நடுவில் வெறுமை.

ஜெயந்தி வாயைத் திறந்து, “மிஸ், ஒண்டு…” என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். யன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “புற்றுக் கலத்திலை நிறம் இல்லை. பக்கத்துக் கலத்திலை இருக்கு.”

அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் அப்படித்தான் சொல்வது. எது இல்லை, எங்கே இல்லை, அதைச் சொல்ல எது சாட்சி. மூன்றும் சேர்ந்துதான் வாயிலிருந்து வர வேண்டும். நிலானி, நீ இருக்கிற இடத்தில் யாரும் உனக்கு இதைச் சொல்லித் தராமல் விடலாம். அவசரத்தில் சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும்.

கஜன், உன்னுடைய வேலை வேறு, மிஷின் வேறு. எழுத்து எழுத்தாக மரபணுவை வாசிக்கிறீர்கள். ஆனால் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், மிஷின் போதிய அளவு வாசிக்காத இடத்திலும் மாற்றம் காட்டாதாம். எழுத்துப் பிழை தேடுகிறவனுக்குப் பக்கமே கிழிந்துபோயிருந்தாலும் பிழை அகப்படாது. ஆகவே ‘காணவில்லை’ என்று எழுத முதல், வாசித்தோமா என்று பார். அந்த மாதிரிக்குச் சொந்தக்காரர் கொழும்பில் உன்னுடைய யன்னலுக்கு வெளியே நிற்பதில்லை. ஆனால் எங்கேயோ ஒரு கிணற்றடியில் நிற்கிறார்.

புவனேஸ்வரி அக்காவுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். வயிற்றுக்குள் பரவியிருந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போய், சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இரத்தச் சோதனைக்கு வருவா. யன்னலில் என்னைக் கண்டால், “தம்பி, இண்டைக்கு என்ன இருக்கு?” என்று கேட்பா. ‘இருக்கு’ என்பதை அழுத்தித்தான் கேட்பா. அவவுக்கு அந்தப் பகிடி பிடித்திருந்தது. ஜெயந்தியைக் கூப்பிட்டு அவளோடும் கதைப்பா. தோட்டத்தில் அடுத்த வெங்காயம் கிளப்புவதற்கு முன்பே அவ கண்ணை மூடிவிட்டா.

அவவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடிந்து, ஒரு நாள் தம்பிராசா வந்தார். யன்னலுக்கு வரவில்லை. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், வேம்பின் கீழ் நின்று எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். மெலிந்திருந்தார். வெற்றிலை போடவில்லை.

“ஒண்டு கேக்க வந்தனான் தம்பி. என்ரை தண்ணியாலையோ?”

பிள்ளைகளே, விழுந்த பிள்ளையைத் தூக்கும்போது நாங்கள் என்ன சொல்கிறோம்? “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்றுதானே. செத்தவீட்டில் அழுகிறவரின் முதுகைத் தடவிக்கொண்டும் சில வேளை அதைத்தான் சொல்கிறோம். எங்கள் பாசையில் ஆறுதலுக்கும் அந்தச் சொல்தான். அது என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ‘ஒண்டுமில்லை அண்ணை, உங்களிலை பிழை ஒண்டுமில்லை’ என்று சொல்லியிருந்தால் அவர் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பார். நான் அந்தச் சொல்லை விழுங்கினேன்.

“தண்ணி வருத்தத்தை வளர்க்கேல்லை அண்ணை. அது போத்தலுக்கை இருந்த துண்டைத்தான் பழுதாக்கினது, அக்காவை இல்லை. வருத்தம் கடும் வகை. அது முந்தியே இருந்தது.”

“அப்ப நாங்கள் வராமல் விட்ட அந்தக் கிழமையள்?”

“மிஸ்ஸிட்டைக் கேட்டனான். முந்தி வந்திருந்தால் தப்பியிருப்பாவோ எண்டு சொல்லேலாது எண்டவ. தப்பியிருக்கமாட்டா எண்டும் சொல்லேலாது எண்டவ. அந்தக் கிழமையள் போனதுக்கு எங்கடை யன்னலுக்குள்ளை இருந்து வந்த சத்தமும் காரணம். அது உங்கடை பிழை இல்லை அண்ணை, எங்கடை.”

அவர் என்னைக் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். சைக்கிள் சீற்றில் ஒட்டியிருந்த வேப்பம் பூவை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

“நல்லூர்த் திருவிழா முழுக்க அவள் சந்தோசமாத் திரிஞ்சவள்” என்றார். “உள்ளுக்கை இரத்தம் போகப் போக, எனக்காகச் சிரிச்சுக்கொண்டு.”

“ஓம் அண்ணை.”

“சரி தம்பி. வாறன்.”

சைக்கிளில் ஏறாமல், உருட்டிக்கொண்டே வாசல்வரை போனார்.

நான் உள்ளே வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போயிருந்தார்கள். மாணவர்களுக்குக் காட்டுவதற்காகச் சில நாட்களுக்கு முன்பு அவவின் துண்டு இருந்த மெழுகுக் கட்டியை எடுத்துச் சீவியிருந்தோம். அது இன்னும் மேசையில் கிடந்தது. சீவிய பக்கத்தில் இழையம் திறந்தபடி, நகக்கண் அளவுக்கு மிச்சம் இருந்தது. அப்படியே வைத்தால் காய்ந்துபோகும். மெழுகைச் சூடாக்கி, தூரிகையால் தொட்டு, அந்தத் திறந்த பக்கத்தை மூடினேன். மெழுகு இறுகி வெள்ளையாகும்வரை கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கட்டிகள் அடுக்கியிருக்கும் லாச்சிக்குள் அவவின் இலக்கத்துக்குரிய இடத்தில் வைத்து, லாச்சியைச் சத்தம் வராமல் தள்ளி மூடினேன்.